பெற்றோல் தாங்கி ஒழுகினால்: மலைச்சரிவு வீடுகளில் செய்ய வேண்டியவை

காலையில் கதவைத் திறந்ததும் இஸ்தோப்பில் பெற்றோல் வாடை அடித்தால், அந்த வாடை எந்தப் பக்கமாக இறங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். ஓட்டை எங்கே என்று அப்புறம் தேடிக்கொள்ளலாம். பெற்றோலின் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. சமதரையில் அது வண்டியைச் சுற்றித் தரையோடு படர்ந்து கிடக்கும். ஹட்டன், தலவாக்கலை, அப்புத்தளை போன்ற ஊர்களிலோ, ஒரு வீட்டுக்குக் கீழே இன்னொரு வீடும் அதற்கும் கீழே தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயமும் இருப்பதால், படிக்கட்டு வழியாகவும் கான் வழியாகவும் மழைத்தண்ணீர் இறங்குவதைப்போல ஆவியும் இறங்கும். மேல் வாசலில் ஒழுகுகிற ஓட்டோவின் ஆவியைக் கீழ் வீட்டு விறகடுப்பு பற்றவைக்கக்கூடும். பற்றிய தீ வந்த வழியே மேலேறி வண்டிவரை ஓடிவரும்.

சொட்டுச் சொட்டாகத்தானே விழுகிறது என்று சமாதானப்பட்டுக்கொள்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு ஒரு துளி வீதம் இரவு முழுவதும் விழுந்தால், விடிவதற்குள் ஏறத்தாழ ஒரு லீற்றர் போய்விடும். ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் 200 லீற்றர் அளவுக்கு ஆவி கிடைக்கும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றப் போதும். 10 அடிக்கு 12 அடி என்ற பழைய அளவில் கட்டிய காம்பரா ஒன்றில், தரையிலிருந்து இடுப்புயரத்துக்கும் சற்று மேல்வரை எரியக்கூடிய காற்றாக்கிவிட அந்த ஒரு லீற்றர் போதுமானது. அடுப்பும் சாமி விளக்கும் பெரும்பாலும் அந்த உயரத்துக்குள்தான் இருக்கின்றன. நுவரெலியாக் குளிரில் பெற்றோல் அவ்வளவாக ஆவியாகாது என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிற பொருள்; நம் ஊர்க் குளிர் அதற்குப் பொருட்டே இல்லை. டீசலுக்கு 50 பாகைக்கு மேல் சூடேற வேண்டும் என்பதால் அதில் ஆபத்து குறைவுதான். ஆனால் சூடான சைலன்சரில் விழுந்தால் டீசலும் எரியும். தெருவில் சிந்தினால் வளைவில் வரும் மோட்டார் சைக்கிள்காரரைச் சறுக்கிவிடும்.

ஆகவே முதற்காரியம் நெருப்பு. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி, கொசுவர்த்தி, சிகரெட் ஆகிய அனைத்தையும் அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டுமன்றி, சரிவில் கீழே உள்ள வீடுகளுக்கும் ஆளனுப்பிச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வாடை பலமாக இருந்தால் மின்விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே போதும். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் மேட்டுப் பக்கமாக வெளியே அழைத்துச் செல்லுங்கள். வாடை குறைந்துவிட்டதாகத் தோன்றினாலும் மூக்கை நம்ப வேண்டாம். சில நிமிடங்களில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும், ஆவி இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து புதிதாக வரும் ஒருவரைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

அடுத்ததாக, வண்டியை வீட்டை விட்டு அகற்ற வேண்டும். இஞ்சினை இயக்கக் கூடாது. சாவியைத் திருப்பவும் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டு மூன்று பேராகத் தள்ளுங்கள். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் தள்ளக்கூடியவையே. வேனையும் காரையும் மேட்டில் தள்ள முடியாவிட்டால் அவற்றை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு மனிதர்களை அப்புறப்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். கொண்டுபோய் நிறுத்தும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்பக்கத்தில் வீடோ, கானோ, பீலியோ இருக்கக் கூடாது. டயர்களுக்குக் கல்லை முட்டுக்கொடுத்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். நம் வாசல்களில் கை பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்திய வண்டிகள் என்ன செய்யும் என்பதை ஊரில் எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்போம்.

இவ்வளவு நேரம் எதிரியாக இருந்த சரிவு, இந்த இடத்தில் நமக்கு உதவி செய்யும். தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் எப்போதும் தாழ்ந்த பக்கமாகவே சாய்ந்து நிற்பதால், ஒழுகும் பக்கம் மேடாக இருக்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினால், பாதிக்கும் குறைவாக நிரம்பியிருக்கும் தாங்கியில் பெற்றோலின் மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கி, ஒழுக்கு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். ஓட்டோவில் தாங்கி பின்புறத்தில் இருக்கிறது. அதன் பின் விளிம்பில் ஒழுகினால் வண்டியின் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்புங்கள், இடப்பக்கத்தில் ஒழுகினால் இடப்பக்கச் சில்லு மேட்டில் ஏறும்படி குறுக்காக நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிளைச் சாய்த்துப் படுக்க வைப்பது மட்டும் வேண்டாம். மூடி வழியாகவும் காபரேட்டர் வழியாகவும் இன்னும் அதிகமாக வெளியே கொட்டும்.

சொட்டு நின்ற பிறகு, அல்லது குறைந்த பிறகு, சற்றுக் காற்றாட விட்டு பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றி வையுங்கள். வண்டிக்கடியில் பெற்றோல் தேங்கியிருக்கும்போது அந்த வயரைத் தொட வேண்டாம். கழற்றும் கணத்தில் பொறி பறக்கக்கூடும். வெளிச்சத்துக்கு டோர்ச் தேவையென்றால் தூரத்திலேயே எரியவைத்துக்கொண்டு கிட்டே வாருங்கள். பனிக்கு ஜேர்சி போட்டிருப்பீர்கள்; வேலையில் புழுங்கினாலும் வண்டிக்கருகில் நின்று அதைக் கழற்றக் கூடாது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் வறண்ட காலைகளில் ஜேர்சியைக் கழற்றும்போது கேட்கும் படபட சத்தம் மின்பொறியின் சத்தம்தான்.

இனி ஓட்டையைத் தேடலாம். ஒழுகுவது தாங்கிதானா என்பதை உறுதி செய்யாமல் எதையும் பூசவோ ஒட்டவோ வேண்டாம், ஏனெனில் தாங்கி ஒழுகுகிறது என்று கராஜுக்கு வரும் வண்டிகள் பலவற்றில் தாங்கி நன்றாகவே இருக்கும். வண்டிக்கடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, விழும் துளியைக் கவனியுங்கள். பெற்றோல் சில நிமிடங்களில் உலர்ந்து, ஏறக்குறைய அடையாளமே இல்லாமல் போகும். டீசல் எண்ணெய் வளையமாகத் தங்கும். இஞ்சின் ஒயில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஊறும். ஏசியிலிருந்து வடியும் தண்ணீருக்கு வாடையே இருக்காது. பெற்றோல்தான் என்று தெரிந்தால், மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் முதலில் தாங்கியிலிருந்து பெற்றோலை விடும் டெப்பை மூடிப் பாருங்கள். மூடியதும் சொட்டு நின்றுவிட்டால், குற்றம் தாங்கியில் இல்லை. காபரேட்டருக்குள் இருக்கும் ஊசியில் தூசு சிக்கி அது மூடாமல் நிற்பதால், மிகையான பெற்றோல் சிறு குழாய் வழியே வெளியேறுகிறது, அல்லது இடையிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது. குழாய்தான் என்றால் பெற்றோலுக்கென்று விற்கும் குழாயை வாங்கிப் போடுங்கள். மீன் தொட்டிக்குப் பாவிக்கும் கண்ணாடிபோன்ற குழாய் மலிவாகக் கிடைக்கும். அது சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்து, கிளிப் இருக்கும் இடத்தில் பிளந்துவிடும்.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு பொய்யொழுக்கும் உண்டு. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டியோ 500 மீற்றர் அளவில். குளிர்ந்த விடியற்காலையில் மேலே பெற்றோல் ஷெட்டில் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு, ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கி நடுப்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தினால், 10 பாகை வெப்பம் கூடுவதற்கு 8 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 75 மில்லிலீற்றர் விரியும். அது போக இடமில்லாமல் மூடியின் ஓரமாக வழியும். இதற்கு மருந்து, கழுத்து வரை நிரப்பாமல் நிறுத்திக்கொள்வது மட்டுமே. சரிவில் நிறுத்தும் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனெனில் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், நிரம்பிய தாங்கி சாயும்போது அங்கேதான் முதலில் கசியும்.

தாங்கிதான் ஒழுகுகிறது என்று முடிவானாலும், ஈரமாக இருக்கும் இடத்தில் ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பெற்றோல் மெல்லிய திரவம். மேலே ஒரு பொருத்தில் கசிந்து, விளிம்போடு ஓடி, ஓர் அடி தள்ளிச் சொட்டும். நான் செய்வது இதுதான்: பழைய பருத்தித் துணியால் தாங்கியை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, சந்தேகமான பகுதியெங்கும் உலர்ந்த திருநீற்றை விரல் நுனியால் தூவிவிட்டுக் காத்திருப்பேன். இரண்டு மூன்று நிமிடங்களில் வெண்மைக்கு நடுவே ஒரு சாம்பல் நிறப் பொட்டு தோன்றும். பிறகு அது கீழ்நோக்கி ஒரு கோடாக நீளும். அந்தக் கோட்டின் மேல் நுனியில்தான் ஓட்டை இருக்கிறது. முகத்துக்குப் போடும் பவுடரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் ஓட்டோக்காரர்களின் வண்டியில் திருநீறு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கண்டுபிடித்த துளையை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கும் ஆசை வரும். துருவால் விழுந்த துளையைச் சுற்றியுள்ள தகடும் காகிதம்போல மெலிந்திருக்கும்; குத்தினால் ஊசித்துளை விரல் நுழையும் துளையாகிவிடும்.

பெற்றோலை வெளியே எடுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாள்கணக்காக வரிசையில் நின்று, ஜூலையில் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்த பிறகும் ஓட்டோவை நம்பிப் பிழைத்தவர்கள் அளந்து கிடைத்த சில லீற்றருடன் வாரத்தை ஓட்டிய நினைவு இருக்கும்வரை, ஒரு துளியையும் வீணாக்க யாருக்கும் மனம் வராது. அந்த மனத்தோடுதான் வாளியையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு வண்டிக்கடியில் போகிறோம். வாயகன்ற பிளாஸ்டிக் வாளி, ஆவியை விடுவதற்கென்றே செய்ததுபோன்ற பாத்திரம். போதாக்குறைக்கு நிலைமின்னும் அதில் சேரும். பெற்றோலுக்கென்று விற்கும் தடித்த கேனையோ, இறுக மூடக்கூடிய தகரக் கேனையோ வெறும் மண் தரையில் வைத்து, முடிந்தவரை குழாயின் நுனி அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி மெதுவாக இறக்குங்கள். கேனை முழுவதும் நிரப்பாமல், விரிவதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். மூடிய கேனை வீட்டுக்குள் வைக்காமல், நிழலான வெளி இடத்தில் பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் தண்ணீர் என்று பிள்ளைகள் குடித்துவிடும் விபத்து நம்மிடையே புதிதல்ல.

குழாயை வாயால் உறிஞ்சி எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். விழுங்கும் ஒரு மிடறைவிட, புரையேறி நுரையீரலுக்குள் போகும் சில துளிகளே ஆளைச் சாய்த்துவிடும். கடைகளில் கையால் அழுத்தும் பம்பு கிடைக்கிறது. டெப் இருக்கும் வண்டிகளில், காபரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிக் கேனுக்குள் விட்டு டெப்பைத் திறந்தாலே பெற்றோல் தானாக இறங்கும். தவறி யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் போகும். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உடுப்பில் ஊறியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழற்றிய உடுப்பை வெளியே காற்றில் காயவிட்ட பிறகே துவைக்க வேண்டும், அடுப்புக்கு மேலுள்ள கொடியில் போடக் கூடாது.

தரையில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பெற்றோல் தண்ணீரில் மிதக்கும்; ஊற்றும் தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு கான் வழியாகக் கீழே போகும். கானோ ஓடையில் போய்ச் சேரும். ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கும் குடும்பங்கள் இன்றும் தோட்டங்களில் உள்ளன. உலர்ந்த மணலையோ மண்ணையோ தாராளமாகக் கொட்டி, கானுக்குப் போகும் வழியில் மண்ணால் சிறு வரப்புக் கட்டி மறியுங்கள். ஊறிய மண்ணை இரும்பு மண்வெட்டியால் அள்ளுவதாக இருந்தால், அது கல்லில் உரசிப் பொறி விடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அள்ளியதை வீட்டுக்குத் தூரமாக, தண்ணீர் வழியில்லாத வெளியில் பரப்பி ஆறவிடலாம்.

கராஜ் வரை கொண்டுபோகும் அளவுக்கு ஒரு தற்காலிக அடைப்பு தேவை என்றால், துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரம் நல்ல பொருள். அது பெற்றோலில் கரையாது. ஊசித்துளையிலும் பொருத்து விரிசலிலும் கட்டியை அழுத்தித் தேய்த்தால், சவர்க்காரம் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் அது தண்ணீரில் கரைவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஹட்டன் வீதியில், சில்லு தெறிக்கும் தண்ணீரே அரை மணித்தியாலத்தில் அடைப்பைக் கழுவிவிடும். மழை நாளில் சவர்க்காரத்தை நம்பி வண்டியை ஓட்டுவதைவிட, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துச் செல்வது மேல்.

சற்று நிலைத்து நிற்க, இரண்டு பகுதிகளைப் பிசைந்து ஒட்டும் எபோக்சி இருக்கிறது. பெற்றோலின் மட்டத்தை ஓட்டைக்குக் கீழே இறக்கிவிட்டு, துளையைச் சுற்றியுள்ள பெயின்றையும் துருவையும் எமரித் தாளால் கையாலேயே தேய்த்துப் பளிச்சிடும் தகட்டை வெளிப்படுத்துங்கள். டிரில்லில் மாட்டும் கம்பித் தூரிகை பொறி விடும், அதைத் தொடவே வேண்டாம். உலர்ந்த தகட்டில்தான் எபோக்சி பிடிக்கும். துளையில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தால், என்ன விலைக்கு வாங்கினாலும் பிடிக்காது. பொதியில் எழுதியுள்ள நேரம் இங்கே செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 25 பாகை வெப்பத்துக்கு எழுதிய நேரம், 15 பாகையில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இரவுக் குளிரில் இன்னும் நீளும். ஆகவே பிசைவதற்கு முன் அதைச் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றுங்கள், முற்பகலில் பூசுங்கள், மறுநாள் வரை விடுங்கள். சீக்கிரம் காய வேண்டும் என்று ஹெயார் டிரையரையோ தணல் சட்டியையோ தாங்கிக்குக் கிட்டே கொண்டுபோவது எல்லாவற்றையும் கெடுக்கும்.

நான் முதன்முறை இந்தக் காரியத்தில் இறங்கியபோது, குளியலறைக்கு வாங்கி மீதியிருந்த சிலிக்கோனைத்தான் பூசினேன். இரவில் பார்க்க அழகாகக் காய்ந்திருந்தது. மறுநாள் காலையில் விரலை வைத்ததும், ஜெலிபோல ஊதிப்போன ஒரு துண்டு அப்படியே கையோடு வந்துவிட்டது. சைக்கிள் டியூபை வெட்டி வைத்துக் கட்டினாலும் அதே கதைதான். ரப்பர் பெற்றோலில் ஊறி உப்பி நழுவிவிடும். புதிய கார்கள் பலவற்றில் தாங்கியே பிளாஸ்டிக்கால் ஆனது; அதில் எபோக்சியும் ஒட்டாது. அவற்றில் பெற்றோல் பம்பு தாங்கிக்குள்ளேயே இருப்பதால், சாவியைத் திருப்பிய கணத்தில் குழாயில் அழுத்தம் ஏறி, சொட்டாக இருந்தது பீய்ச்சலாக மாறலாம். ஹைபிரிட் வண்டி என்றால் உயர் அழுத்த மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. அதற்கடியில் நீங்கள் போக வேண்டாம், ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

வெல்டிங்கைப் பற்றி ஒரே பேச்சுத்தான்: வீட்டில் கூடாது. பெற்றோலை இறக்கிவிட்ட தாங்கி, நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. நிறைந்ததில் எரியக் காற்றில்லை. வெறுந்தாங்கியில் ஆவியும் காற்றும் கலந்து, வெடிக்கத் தோதான கலவையாக நிற்கும். கவிழ்த்து வைத்து, ஒரு வாரம் வெயிலில் காயவிட்டாலும், துருவுக்குள்ளும் பொருத்துகளுக்குள்ளும் ஊறிய பெற்றோல் சூடேறியதும் மீண்டும் ஆவியாகும். டீசல் தாங்கிக்கும் இது பொருந்தும். குளிரில் பேசாமல் கிடக்கும் டீசல், வெல்டிங் சூட்டில் பெற்றோலைப்போலவே நடந்துகொள்ளும். ஈயம் வைத்து ஒட்டுவதும் நெருப்பு வேலைதான். தாங்கியைக் கழற்றிக் கொடுக்கும்போது, எப்படிக் கழுவுவார் என்று வெல்டிங் வேலை செய்யும் பாஸிடம் கேளுங்கள். சவர்க்காரத் தூள் போட்ட சுடுதண்ணீரால் பலமுறை அலசி, ஒட்டும் இடத்தை மட்டும் விட்டுத் தண்ணீரால் நிரப்பியோ, காபனீரொட்சைட்டு அல்லது ஆர்கன் செலுத்தியோ வேலை செய்வதாகச் சொன்னால் விட்டுவிட்டு வரலாம். தாங்கியை ஆட்டிப் பார்த்து, காலிதானே என்று சிரிப்பவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தீப்பற்றிவிட்டால், தண்ணீர் ஊற்றக் கூடாது. தொடங்கும்போதே கண்ட சிறு தீயை உலர்ந்த மணலால் மூடலாம், உலர்தூள் தீயணைப்பானால் அணைக்கலாம். முதுகுக்குப் பின்னால் ஓடும் வழி இருக்கும்படியும், மேட்டுப் பக்கத்தில் நிற்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். சில நொடிகளில் அடங்காவிட்டால், வண்டியை விட்டுவிட்டு ஓடுங்கள். தீயணைப்புப் பிரிவுக்கு 110, பொலிஸுக்கு 119. நகரத்திலிருந்து தோட்ட வீதியில் தீயணைப்பு வண்டி ஏறிவர எவ்வளவு நேரமாகும் என்பது நமக்குத் தெரியும். அதனால், லயத்தில் என்றால் அடுத்தடுத்த காம்பராக்களில் இருப்பவர்களையும் உடனே வெளியேற்றுங்கள். ஒரே கூரை என்பதால் தீ சுவரோடு நிற்காது.

துருப்பிடித்த தாங்கியில் ஒரு துளையை அடைத்தால், அடுத்த துளை பக்கத்திலேயே காத்திருக்கும். பனியிலும் மூடுபனியிலும் நிற்கும் வண்டியின் அரைத் தாங்கிக்குள் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராகி, பெற்றோலுக்கு அடியில் போய்த் தங்கி, உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். வெளியே பெயின்று கொப்புளித்திருந்தால், உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று பொருள். வெளிப்பக்கத்தில் கெடுதல் செய்வது, தாங்கியைக் கட்டும் பட்டிக்கடியில் சேற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் துண்டும், தோட்ட வீதியின் கற்களும். இப்படிப்பட்ட தாங்கியை மாற்றிவிடுவதே மலிவு. கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த தாங்கி வாங்குவதாக இருந்தால், மூடியைத் திறந்து வெளிச்சம் பிடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். வாங்கிய பின் பொருத்தி, இரண்டு லீற்றர் மட்டும் ஊற்றி, நான்கு பக்கமும் சாயும்படி நிறுத்தி, திருநீறு தூவிப் பார்த்த பிறகே மிகுதியை நிரப்புங்கள்.

கழற்றிய பழைய தாங்கி வீட்டின் பின்புறத்தில் பல மாதம் கிடக்கும்; ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவர் வந்து கேட்பார். மூடியைக் கழற்றி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டு, இது பெற்றோல் தாங்கி என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அவர் அதைக் காஸ் கட்டரால் வெட்டுகிறவரிடம்தான் கொண்டுபோவார்.